டெஸ்டர் கும்பிடத் தொடங்கிய கதை

லிஃப்ட் பழுது பார்க்கிறவர்களுக்கு ஒரு விதி உண்டு. லிஃப்ட் ஓடும் குழிக்குள் இறங்குவதற்கு முன் மெயின் சுவிட்சை அணைத்து, அதன்மேல் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். கூட வருகிறவன் ஏற்கெனவே பூட்டிவிட்டேன் என்று சொன்னாலும் அது கணக்கில் சேராது. இரண்டு பேர் இறங்கினால் இரண்டு பூட்டு. பூட்டிய பிறகும் டெஸ்டரை வைத்துக் கரண்ட் நின்றுவிட்டதா என்று பார்க்க வேண்டும். டெஸ்டரே கெட்டுப் போயிருக்கலாம் இல்லையா, அதனால் கரண்ட் ஓடும் இன்னொரு இடத்தில் அதை வைத்து, எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஏணியில் கால் வைக்க வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லோரும் இதைச் செய்வார்கள். கொஞ்ச நாளில் கை தேறிவிடும், பயம் போய்விடும், பூட்டு பைக்குள்ளேயே கிடக்கும். இவர் ஒருவர்தான் தலை நரைத்த பிறகும் ஒரு தடவைகூட விட்டதில்லை. கம்பெனியில் டெஸ்டர் என்று பெயர் வைத்தார்கள். அது தெருவுக்கும் வந்து சேர்ந்தது. மளிகைக் கடைக்காரர், "டெஸ்டர் சார், எடையைப் பார்த்துக்குங்க, இல்லேன்னா உங்களுக்குச் சோறு இறங்காது" என்பார். அவரும் சிரித்துக்கொண்டே பார்ப்பார்.

வீட்டிலும் அப்படித்தான். பால் நன்றாக இருக்கிறது என்று மனைவி சொன்னாலும் முகர்ந்து பார்த்துத்தான் ஊற்றுவார். கதவைப் பூட்டியாயிற்று என்றால் பாதிப் படி இறங்கியவர் திரும்பி ஏறி ஒரு முறை இழுத்துப் பார்ப்பார். "நான் உயிரோட இருக்கேன்னு வாயால சொன்னாலும் நாடியைப் பிடிச்சுப் பார்த்துட்டுத்தான் நம்புவாரு" என்று அவள் தையல் கடையில் சொல்லிச் சிரிப்பாள். பள்ளிச் சீருடை தைக்கும் கடை. கால்சட்டை ஓரம் மடிப்பதில் அவளை அடிக்க ஆள் கிடையாது.

அவளுக்குக் கடவுள் உண்டு. இவருக்கு இல்லை. அதில் சண்டை வந்ததில்லை. சமையலறையில் ஒரு மரப்பலகைத் தட்டில் ஒரு படமும் சின்ன விளக்கும் இருந்தன. கடையிலிருந்து வந்து முகம் கழுவியதும் அதன் முன் நின்று, அம்மாவிடமிருந்து கற்றுக்கொண்ட வேண்டுதலைச் சொல்வாள். பத்துப் பன்னிரண்டு வரி இருக்கும். வாரம் ஒரு நாள் கோயில். இவர் ஸ்கூட்டரில் கொண்டுபோய் வாசலில் இறக்கிவிட்டு, எதிர்ச் சாரியில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். உள்ளே வாங்க என்று அவளும் கூப்பிட்டதில்லை. எதற்குப் போகிறாய் என்று இவரும் கேட்டதில்லை.

ஒரே ஒரு தடவை அந்தப் பேச்சு வந்தது. கம்பெனியில் பாட்டுக்காரன் என்று ஒருவன் இருந்தான். வேலை செய்யும்போது சும்மா இருக்க மாட்டான், குழிக்குள்ளிருந்து அவன் குரல் ஏழு மாடிக்கும் எதிரொலிக்கும். மேலே இருந்த ஆள் அணைத்துவிட்டேன் என்று சொன்னதை நம்பி இறங்கினான். அணைத்தது பக்கத்து லிஃப்டை. அன்று அந்தக் கட்டடத்துக்கு இவர் போயிருக்க வேண்டியது, காய்ச்சல் என்று போகவில்லை. கேள்விப்பட்டதும் அவள் விளக்கின் முன் போய் நின்று, கடவுள்தான் உங்களைக் காப்பாற்றினார் என்றாள். அப்படியென்றால் பாட்டுக்காரனை ஏன் காப்பாற்றவில்லை என்று இவர் கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை, பதில் இருந்தால் தெரிந்துகொள்ளலாம் என்றுதான் கேட்டார்.

 "தெரியாது" என்றாள். "தெரிஞ்சா ஏன் கும்பிடப்போறேன்?"

அது பதிலே இல்லை என்று இவருக்குத் தோன்றியது. இருந்தாலும், தெரியாததைத் தெரியாது என்று சொன்னாளே என்று அவள்மேல் மதிப்பு கூடியது. ஒரே மகள் இவர் பக்கம் சாய்ந்தாள். சின்ன வயதிலேயே எதற்கெடுத்தாலும் ஏன், எப்படித் தெரியும் என்பாள். மருந்தியல் படித்து ஓர் ஆஸ்பத்திரியின் மருந்துப் பிரிவில் வேலை பார்த்தாள். கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாலும் வாரக் கடைசியில் பேருந்து ஏறி வந்துவிடுவாள். வந்ததும் அப்பாவும் மகளும் செய்தித்தாளை விரித்துவைத்து, எவன் எதில் புளுகியிருக்கிறான் என்று கண்டுபிடிப்பார்கள். அவள் அம்மா தள்ளி உட்கார்ந்து காஜா எடுத்துக்கொண்டே, "ரெண்டு போலீஸுக்கு நடுவுல குடும்பம் நடத்தறேன்" என்பாள்.

மனைவிக்கு முதுகுவலி வந்தபோது தையல் மெஷின்தான் காரணம் என்று நினைத்தார்கள். நாற்காலியை மாற்றினார்கள். தைலம் தேய்த்தார்கள். வலி போகாமல், இடுப்புக்கு இறங்கியது. கடைசியில் படம் எடுத்துப் பார்த்தபோது, மார்பில் தொடங்கிய புற்று முதுகெலும்பு வரைக்கும் வந்திருந்தது. ஊசி போட்டார்கள், முடி கொட்டியது, முடி திரும்ப முளைத்தது, வலி மட்டும் போகவில்லை. இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டில் வைத்து வலியில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னார். வலியில்லாமல் என்று அவர் சுலபமாகச் சொல்லிவிட்டார். மாத்திரை வேலை செய்கிற நேரம் அவள் தூங்குவாள். அதன் வீரியம் இறங்கி அடுத்ததற்கு இன்னும் நேரம் இருக்கிற சாயங்கால வேளையில், போர்வையின் நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துக் கிடப்பாள்.

டெஸ்டர் நீண்ட விடுப்புப் போட்டார். குளிப்பாட்ட, துணி மாற்ற, படுக்கைப் புண் வராமல் திருப்பிப் படுக்க வைக்க எல்லாம் பழகிக்கொண்டார். அவளுடைய அக்காவும் பெட்டியோடு வந்து தங்கினாள். மகள் பெரியம்மா என்று கூப்பிடுவதால் வீட்டில் எல்லோருக்குமே அவள் பெரியம்மாதான். நல்ல உழைப்பாளி, வாய்தான் நீளம். நம்பிக்கையில்லாத ஆள் இருக்கிற வீட்டுக்கு இப்படித்தான் வரும் என்று அடுப்பைப் பார்த்துச் சொல்வாள். அடுப்பு பதில் சொல்லாது. இவரும் சொல்ல மாட்டார்.

ஒரு நாள் மனைவியின் முதுகைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள். "ஏங்க, எனக்கு வேண்டுதல் சொல்ல வரலை. நாலு வரி போறதுக்குள்ள வலி வந்து இழுத்துட்டுப் போயிடுது. எனக்குப் பதிலா நீங்க சொல்றீங்களா?"

அக்காவைச் சொல்லச் சொல்லலாமே என்றார். அக்கா சத்தமாகச் சொல்கிறாள், கடவுளுக்குக் காது கேட்காத மாதிரி, என்றாள் அவள். பிறகு தலையைத் திருப்பி இவர் முகத்தைப் பார்த்தாள்.

"வாயால சொல்றதுன்னா வேண்டாம். நம்பிச் சொல்லணும். சும்மா சொன்னா எனக்குத் தெரிஞ்சிடும்."

இந்த நிபந்தனை இல்லாமல் இருந்திருந்தால் அவர் அப்போதே போய்ச் சொல்லியிருப்பார். இத்தனை வருடம் காதில் விழுந்து விழுந்து வரிகள் எல்லாம் மனப்பாடம். பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லித் துண்டைப் பிழிந்தார்.

ஒரு விஷயத்தை நம்புவது எப்படி என்று அவருக்கு ஒரு வழிதான் தெரியும். எப்போதாவது மட்டும் நடுவில் நின்றுபோகிற லிஃப்ட் இருக்கிறதே, அதில் பழுதைப் பிடிப்பதுதான் இந்தத் தொழிலில் கஷ்டம். அதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு பாகத்தை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றி ஓடவிட்டுப் பார்க்க வேண்டும், பழையதைத் திரும்பப் போட்டு ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். நம் ஆசை குறுக்கே வரக்கூடாது. மறுநாள் சாயங்காலத்திலிருந்து அவர் அதைத் தொடங்கினார். கூடத்தின் மூலையில் நின்று ஒரு நாணயத்தைச் சுண்டுவார். பூ விழுந்தால் அடுக்களைத் தட்டின் முன் போய் நின்று வேண்டுதலை முழுதாகச் சொல்வார். தலை விழுந்தால் சொல்ல மாட்டார். கொஞ்ச நேரம் கழித்து அவளிடம் போய், வலி பத்துக்கு எத்தனை என்று கேட்பார். அப்படிக் கேட்கும் வழக்கம் வீட்டுக்கு வரும் நர்ஸ் சொல்லிக்கொடுத்தது, அதனால் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. ஏழு என்பாள். எட்டு என்பாள்.

தட்டின் முன் அவர் நிற்பதைப் பெரியம்மா பார்த்துவிட்டாள். போன் போட்டு ஊரெல்லாம் சொன்னாள். மாப்பிள்ளை வழிக்கு வந்துவிட்டார், இனி தங்கச்சி பிழைத்துக்கொள்வாள் என்றாள்.  அவர் கதவருகே வரும்போதெல்லாம் மனைவி அவர் கால்களைப் பார்த்தாள். தட்டின் பக்கம் போகின்றனவா என்று.

ஒரு வாரம் நல்ல வாரமாக அமைந்தது. பூ மேல் பூவாக விழுந்தது, அவளும் ஐந்து என்றாள், நாலு என்றாள், ஒரு நாள் எழுந்து சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள்.  இத்தனை வயதுக்குப் பிறகு, ஏதோ ஒன்று அந்தப் பக்கத்திலிருந்து தன்னைத் தொட்டுவிட்டது போலிருந்தது. யாரிடமும் சொல்லாமல் மாடிப்படியில் போய் உட்கார்ந்து அழுதார்.

அந்த வாரக் கடைசியில் மகள் வந்தாள். கூடத்து மூலையில் அப்பா நாணயம் சுண்டுவதைப் பார்த்து முதலில் சிரித்தாள். காரணம் கேட்டதும் அவரால் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னார், நல்ல வாரத்தையும் சொன்னார். மகள் சிரிப்பை நிறுத்திவிட்டு, மருந்துப் பெட்டியைத் திறந்து பார்த்தாள்.

"அப்பா, அந்த வாரம்தான் வலிக்கு ஒட்டற பட்டையோட அளவைக் கூட்டியிருக்காங்க. நீங்க ரெண்டு மாத்தத்தை ஒரே நேரத்துல பண்ணிட்டீங்க."

அவர் தலையாட்டினார். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன்கூடச் செய்யாத தப்பு. மகள் அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவளும் அவர் வளர்த்த பெண். அளவை மாற்றாமல் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் கணக்கு சரியாக வரும், கேட்கிற நேரத்தையும் ஒரே நேரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று யோசனை சொன்னாள். கூடத்தில் நின்று இருவரும் தாழ்ந்த குரலில் அதைப் பேசினார்கள். பழைய ஞாயிற்றுக்கிழமைச் செய்தித்தாள் மாதிரியே இருந்தது. கதவு திறந்திருந்த அறைக்குள் அவள் கண்ணை மூடிப் படுத்திருந்தாள்.

அளவை மாற்றாமல் பார்த்ததில், சொன்ன நாளுக்கும் சொல்லாத நாளுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

அது தெரிந்த சில நாட்களில் ஒரு மோசமான சாயங்காலம் வந்தது. அவள் போர்வையைக் கடிக்கவும் இல்லை, வாயைத் திறந்து மாடு மாதிரி கத்தினாள். மாத்திரை கொடுத்து, பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, ஒரு வழியாகச் சத்தம் அடங்கியது. வியர்வையைத் துடைத்தார். அவள் மூச்சு வாங்கிக்கொண்டே, இன்றைக்குச் சொன்னீர்களா என்று கேட்டாள்.

"இல்ல" என்றார். "இன்னைக்குத் தலை விழுந்துது."

அவளுக்குப் புரியவில்லை. இவர் விளக்கினார். பூ, தலை, பத்துக்கு எத்தனை, அளவு மாறாத பட்டை, எல்லாவற்றையும். ஒன்றையும் விடவில்லை. சொல்லிக்கொண்டு போகும்போதே தான் சொல்வது எப்படிக் கேட்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. ஆனாலும் தொடங்கியதை முடித்தார்.

"நான் இப்படிக் கிடக்கறப்போ, சொன்னா குறையுமோ என்னமோன்னு ஒரு சந்தேகம் இருந்தும், வேணும்னே சொல்லாம நின்னீங்க."

"சொன்ன அன்னைக்கும் குறையலை."

"குறையாதுன்னு எனக்குத் தெரியாதா? இத்தனை நாள் நான் சொல்லலையா? எனக்குக் குறைஞ்சுதா?" கொஞ்சம் நிறுத்தி மூச்சு விட்டாள். "வலி போகணும்னா உங்களை ஏன் கேக்கறேன், உங்க பொண்ணைக் கேட்டா இன்னொரு பட்டை ஒட்டுவா. எனக்குப் பயமா இருக்குங்க. நான் போற இடத்துல யாராவது இருக்காங்களா, யாருமே இல்லையா. இத்தனை வருஷம் இருக்காங்கன்னு இருந்தேன். இப்போ இங்க படுத்துக்கிட்டு எவ்வளவு முட்டினாலும் வரலை. வரி மறக்கலை எனக்கு. அது வரலை. நீங்க ஒருத்தர் கொஞ்ச நாள் எனக்காக அதைப் பிடிச்சுக்க மாட்டீங்களான்னு கேட்டேன். அவ்வளவுதான்."

பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்றிலிருந்து அவரோடு பேசவில்லை. குளிப்பாட்டும்போது கையைத் தூக்கு என்றால் தூக்குவாள். வாயைத் திற என்றால் திறப்பாள். பெரியம்மா எல்லாவற்றையும் அடுக்களையிலிருந்து கேட்டிருந்தாள். மாப்பிள்ளை என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். மகள் வந்தபோது, அம்மாவுக்கு எந்தக் கெடுதலும் நடக்கவில்லை, சொன்னாலும் சொல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்று நிரூபணமே ஆகிவிட்டதே, எதற்குக் குற்றம் சொல்கிறீர்கள் என்று பெரியம்மாவிடம் வாதாடினாள். அந்த வாதத்தில் ஓட்டை இல்லை. டெஸ்டர் அதை வாசலில் நின்று கேட்டுவிட்டு உள்ளே வராமல் படியிறங்கிப் போனார்.

கோயில் வரைக்கும் நடந்தார். அது கூட்டம் கூடுகிற நாள் இல்லை. கோயிலை நடத்துகிறவர் பாயைச் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தார். இவரை டீக்கடை பெஞ்சில் பார்த்துப் பழகியவர்தான். இல்லாத நம்பிக்கையை எப்படி வரவழைப்பது என்று இவர் கேட்டார். தானாக வரும், மனசைத் திறந்து வையுங்கள் என்றார் அவர். வராவிட்டால் என்றார் இவர். வரும் என்றார் அவர். மனைவிக்கு நாள் அதிகம் இல்லை என்று இவர் சொன்னார். பிறகு இவரே பாயின் மறுமுனையைப் பிடித்துக்கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

வருகிற வழியில் அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. வெளிச்சம் வரவில்லை, குரல் கேட்கவில்லை. பாட்டுக்காரன் ஞாபகத்துக்கு வந்தான், அவனுக்கு நடந்ததற்கு இன்றைக்கும் காரணம் கிடையாது. இதையெல்லாம் ஒரு பக்கம் வைத்துப் பார்த்தால் இல்லை என்பதுதான் விடை. இன்னொரு பக்கத்தில் அவள் சுவரைப் பார்த்துக் கிடந்தாள். இல்லை என்ற விடையைக் கையில் வைத்துக்கொண்டு அந்த அறைக்குள் தன்னால் போக முடியாது என்று மட்டும் அவருக்குத் தெரிந்தது. வீட்டு வாசலுக்கு வருவதற்குள் முடிவு செய்துவிட்டார். யோசித்துக் கண்டுபிடித்த முடிவு அல்ல அது. தூக்க முடியுமா என்று பார்க்காமலே ஒரு மூட்டைக்குத் தோள் கொடுக்கிற மாதிரி.

கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவள் திரும்பவில்லை. முதுகைப் பார்த்துப் பேசினார்.

"நான் பார்த்த சோதனையில ஒண்ணும் தேறலை. அதை மாத்திச் சொல்ல மாட்டேன். ஆனா இருக்காருன்னு வச்சுக்கறதா முடிவு பண்ணிட்டேன். இனிமே நாணயம் இல்ல. தினமும் சொல்றேன். நீ பயப்படற அந்த இடத்துல ஆள் இருக்குன்னு நான் நம்பறேன்."

 அவள் உடம்பைத் திருப்பக் கையை நீட்டினாள். இவர் தோளையும் இடுப்பையும் பிடித்துத் திருப்பினார். அவள் இவர் முகத்தை, துணியில் தையல் நேராக இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி, மேலிருந்து கீழே வரை பார்த்தாள்.

"பாதி" என்றாள்.

"பாதிதான் இப்போதைக்கு" என்றார்.

"சரி. சொல்லுங்க."

அன்றிலிருந்து தினமும் சொன்னார். தட்டின் முன் அல்ல, கட்டிலருகேயே, அவளுக்குக் கேட்கும்படி. சில நாள் தான் சொல்வதை யாரோ கேட்கிறார்கள் என்று இருக்கும். பல நாள் சுவரோடு பேசுவது மாதிரிதான் இருக்கும். அப்போதும் குரலை மாற்றாமல் சொல்வார். அவள் பயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. அவர் சொல்லி முடிக்கும் வரை அவர் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டிருப்பாள், முடிந்ததும் விட்டுவிடுவாள்.

மழைக்காலம் தொடங்கியபோது அவள் போனாள். நல்ல சாவு இல்லை அது. மூன்று நாள் மூச்சுக்குத் திணறினாள். மருந்து எட்டவில்லை. கடைசி மத்தியானம் அவர் வேண்டுதலின் நடுவில் இருந்தார். அவள் கண் திறந்திருந்தது, அது அவரைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்தது, யாரோ வரக்கூடாத ஆள் வந்த மாதிரி. கட்டைவிரலை இறுக்கியவள் அப்படியே இருந்தாள். அவர் மீதி வரிகளையும் சொல்லிவிட்டுத்தான் விரலை விடுவித்தார். இறுகியிருந்த தாடையைச் சரிசெய்ய ஒரு துணியால் கட்ட வேண்டியிருந்தது.

எல்லாம் முடிந்து உறவினர்கள் போன பிறகு மகள் சில நாள் தங்கினாள். சாயங்காலம் அப்பா எழுந்து தட்டின் முன் நிற்பதைப் பார்த்து, முதல் நாள் கூடத்துக்குப் போய்விட்டாள். இரண்டாம் நாள் கேட்டாள்.

"அம்மாவுக்காகப் பண்ணினீங்க, எனக்குப் புரிஞ்சுது. இப்போ யாருக்கு?"

அவர் விளக்கின் திரியைச் சரிசெய்தார். "அவ இப்போ அங்கதானே இருக்கா. அங்க யாருமே இல்லைன்னு நான் இப்போ சொன்னா, அவளைத் தனியா விட்டுட்டு வந்த மாதிரி ஆயிடும்."

"அது காரணம் இல்லப்பா. ஆசை."

"ஆமா, ஆசைதான்."

"எனக்குக் கத்துக்கொடுத்ததே நீங்கதான். நாம விரும்பறோம்கிறதுக்காக ஒண்ணு உண்மையாகாதுன்னு."

"அது இப்பவும் சரிதான்" என்றார். "எனக்கு நிரூபிக்கத் தெரியாது. தெரியாதுன்னு தெரிஞ்சேதான் பண்றேன்."

அவள் பையை எடுத்துக்கொண்டு அன்றைக்கே கிளம்பினாள். கோபம் என்றுகூடச் சொல்ல முடியாது. அம்மா போனாள், இப்போது அப்பாவும் வேறு பக்கம் போய்விட்டார் என்று அவளுக்கு இருந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு வாரக் கடைசியில் வருவது நின்றது. போன் செய்வாள், ரத்த அழுத்த மாத்திரை போட்டீர்களா என்பாள், வைத்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமைச் செய்தித்தாளை அவர் விரித்துவைத்து, சிரிக்கும்படி ஏதாவது கண்ணில் பட்டால் தலையை நிமிர்த்துவார். எதிரே சுவர்க்கடிகாரம் இருக்கும்.

வேலைக்குத் திரும்பினார். பூட்டும் டெஸ்டரும் எப்போதும் போலத்தான். நீங்கள் இப்போது சாமி கும்பிடுகிறீர்களாமே, அப்புறம் எதற்கு இதெல்லாம், மேலே பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்க வேண்டியதுதானே என்று கூட வேலை செய்கிறவர்கள் கிண்டலடித்தார்கள். கடவுள் மெயின் சுவிட்சை அணைப்பார் என்று எங்கும் எழுதியிருப்பதாகத் தெரியவில்லை என்றார் அவர்.

வாரம் ஒரு நாள் கோயிலுக்குள் போனார். உள்ளே பெரியம்மா இருப்பாள். அவர் வந்துவிட்டதில் அவளுக்குப் பெரிய வெற்றி. மறுபடியும் மாப்பிள்ளை என்று கூப்பிட்டாள், பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள், பார்க்கிறவர்களிடமெல்லாம் தங்கச்சியின் வேண்டுதல் பலித்துவிட்டது, இந்த மனுஷன் மாறிவிட்டார், அதனால்தான் அவள் சிரித்த முகத்தோடு நிம்மதியாகப் போனாள் என்று சொன்னாள். தாடையைக் கட்டியபோது துணியின் மறுமுனையைப் பிடித்திருந்தவள் அவள்தான். அவர் அவளை ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கும் அது வேண்டியிருந்தது.

வழிபாடு முடிந்ததும் யாராவது எழுந்து தனக்கு நடந்ததைச் சொல்வது அந்தக் கோயிலில் உண்டு. ஒரு வாரம் கோயிலை நடத்துகிறவர் இவரைக் கைகாட்டினார். நம்பிக்கை தானாக வரும் என்று அன்றைக்குச் சொன்னேனே, வந்ததா இல்லையா, எல்லோருக்கும் சொல்லுங்கள் என்றார். பெரியம்மா முழங்கையால் இடித்தாள். எழுந்தார். இவ்வளவு பேர் முன்னால் அவர் பேசியதே கிடையாது.

"என் மனைவிக்கு வலி குறையலை" என்றார். "நான் சொன்ன நாளும் சொல்லாத நாளும் ஒண்ணாத்தான் இருந்துது, நான் பார்த்தேன். நிம்மதியாவும் போகலை. பயந்துட்டேதான் போனா. எனக்கு எந்தப் பதிலும் வந்ததில்லை."

பின்வரிசையில் யாரோ இருமினார்கள். பெரியம்மா சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

"ஆனாலும் இருக்காருன்னு நம்பறேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

கோயிலை நடத்துகிறவர் உடனே அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அந்த ஆளிடம் மகனுக்கு வேலை கிடைத்த கதை இருந்தது, எல்லோருக்கும் மூச்சு வந்தது. வெளியே செருப்புப் போடும் இடத்தில் பெரியம்மா அவரைப் பார்க்காமல் போனாள். இனி அவள் மாப்பிள்ளை என்று கூப்பிடப்போவதில்லை என்று அவருக்குத் தெரிந்தது. அடுத்த வாரமும் வர வேண்டும், அதே பாயில் உட்கார வேண்டும் என்பதும் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து முகம் கழுவும்போது போன் அடித்தது. மகள்.

"பெரியம்மா போன்ல கத்தினாங்க. நிஜமாவே எல்லார் முன்னாடியும் அப்படியே சொன்னீங்களா?"

"ஆமா."

"வலி குறையலைன்னு?"

"குறையலைதானே."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது, அது சிரிப்பாகவே முடியவில்லை. அவள் மூக்கை உறிஞ்சினாள். அவ்வளவும் தெரிந்தபிறகு எப்படியப்பா என்று கேட்டாள். சண்டைக்குக் கேட்கவில்லை. அவருக்கும் பதில் தெரியவில்லை, தெரியவில்லை என்றே சொன்னார். ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. தட்டின் முன் நிற்கிற நேரம்.

"அப்புறம் பேசட்டுமா?" என்றார்.

"வைக்காதீங்க. அப்படியே பக்கத்துல வச்சுட்டுப் பண்ணுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

போனை அடுப்பு மேடையில் வைத்தார். விளக்கை ஏற்றினார். அன்றைக்கு ஒரு வரியிலும் மனசு ஒட்டவில்லை. பாட்டுக்காரன் வந்தான், இறுகிய தாடை வந்தது, பெரியம்மாவின் முதுகு வந்தது. யாருமில்லாத அறையில் வயதான ஒரு ஆள் முணுமுணுப்பது அவர் காதுக்கே கேட்டது. நடுவில் நிறுத்திவிடலாம் என்றிருந்தது. நிறுத்தாமல் கடைசி வரி வரைக்கும் சொன்னார்.

போனைக் காதில் வைத்தார். மகளின் மூச்சு கேட்டது.

"சாப்பிட்டீங்களா?" என்றாள்.

"இனிமேதான்."

"சாப்பிடுங்க. ஞாயித்துக்கிழமை வரேன்" என்று சொல்லி வைத்தாள்.